ஊட்டி மலை ரயிலில் ஓடுவது உண்மையிலேயே நூறு வருஷத்து இன்ஜினா?

நண்பர் கேட்டது இதுதான்: குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகப் போகிறார். அதில் ஓடுவது நிஜமான பழைய நீராவி இன்ஜினா, இல்லை சுற்றுலாவுக்காகப் பழசு மாதிரி செய்து வைத்ததா, இன்ஜின் ஏன் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரு சந்தேகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. "இவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வேஷம் போட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு வரப் போகிறோமா?" என்ற சந்தேகம். அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேஷம் இல்லை. ஆனால் "எல்லாம் நூறு வருஷம் பழசு" என்பதும் சரியில்லை.

நான் ரயில்வேயில் மெக்கானிக்கல் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் தொடங்கி, கடைசி வருஷங்களைக் குன்னூர் இன்ஜின் ஷெட்டில் கழித்தேன். கீழே இன்ஜினைப் பற்றிச் சொல்வதெல்லாம் கையால் தொட்ட விஷயம். சரித்திரம், படித்தும் மூத்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. தடம், பாலம், குகை எல்லாம் வேறு பிரிவு. அதில் எனக்குத் தெரிந்தது ரயிலில் போய் வந்தவனுக்குத் தெரிகிற அளவுதான்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை ஸ்டேஷன் 2,203 மீட்டர். இந்த ஏற்றத்தை 46 கிலோமீட்டரில் முடிக்க வேண்டும். இந்தத் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். முதல் ஏழெட்டு கிலோமீட்டர், கல்லாறு வரைக்கும், பாக்குத் தோப்புக்கு நடுவே சாதாரண ரயில் மாதிரிதான் போகும். கல்லாறு தாண்டினால் மலை நேராக எழுந்து நிற்கும். அங்கிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய 19 கிலோமீட்டருக்கு, சில இடங்களில் 12 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். லாரிக்கு இது பெரிய விஷயமில்லை, ரப்பர் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். ரயிலுக்கு இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். அதுவும் நீலகிரியில் பாதி நாள் தூறலும் பனியுமாக ஈரம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதனால்தான் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். நாங்கள் ரேக் பார் என்போம். வீட்டில் இரண்டு சீப்பை எடுத்து, பல் மேலே பார்க்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மட்டும் அரைப் பல் தூரம் நகர்த்திப் பாருங்கள். ஒரு சீப்பின் பள்ளம் இருக்கிற இடத்தில் மற்றதின் பல் நிற்கும். தடத்தில் இருப்பதும் அதேதான். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு பல் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினியர் 1882-ல் காப்புரிமை பெற்ற முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் பாதை நீலகிரியில் மட்டும்தான் இருக்கிறது. டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் வளைந்து வளைந்து ஏறுகிறார்களே தவிர, பல் கிடையாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தப் பாதையை ரிக்கன்பாக் என்பவர் அமைத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். நிக்லாஸ் ரிக்கன்பாக் பெரிய ஆள்தான்; சுவிட்சர்லாந்தில் 1871-ல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் விட்டவர். நீலகிரிக்கும் திட்டம் கொடுத்தார். ஆனால் அதற்குப் பணம் திரளவில்லை. நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. 1885-ல் ஒரு கம்பெனி, 1891-ல் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு மண் வெட்டித் தொடங்கிவைத்தார், 1894-ல் அந்தக் கம்பெனி கைவிரித்தது, 1896-ல் இன்னொரு கம்பெனி என்று இழுத்து இழுத்து, 1899 ஜூனில்தான் குன்னூருக்கு முதல் வண்டி ஏறியது. கடைசியில் பதித்தது ரிக்கன்பாக்கின் ஏணிப்படி மாதிரியான பட்டை இல்லை, ஆப்ட்டின் சீப்புப் பட்டை. 1903-ல் பாதையை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை நீட்டியது 1908-ல். அந்தப் பகுதியில் ஏற்றம் 25-க்கு 1 என்ற அளவோடு நிற்பதால் பல் பதிக்கவில்லை. நண்பர் பார்க்கப் போவது, 54 வருஷம் பேசியும் தோற்றும் எழுந்தும் முடித்த ஒரு வேலை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழும்.

இனி இன்ஜின். 1914-லிருந்து இந்த மலைக்கென்றே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் இன்ஜின் செய்து கொண்டுவந்தார்கள். எக்ஸ் கிளாஸ் என்று பெயர். 1925 வரை பன்னிரண்டு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் அதே தொழிற்சாலையிலிருந்து இன்னும் ஐந்து. ஆகவே "வெள்ளைக்காரன் இன்ஜின்" என்று வழக்கமாகச் சொல்வது பொருந்தாது. பாதை போட்டது அவர்கள் ஆட்சியில், இன்ஜின் சுவிஸ். அப்புறம் 2011-லிருந்து பொன்மலையில் நாமே செய்ய ஆரம்பித்தோம். எண்ணெயில் எரிகிற நான்கு இன்ஜின்கள் முதலில் வெளியே வந்தன, பின்னால் நிலக்கரியில் ஓடுவதும் செய்தார்கள். எல்லாமே அந்தப் பழைய வடிவம்தான். உருளைகள் (சிலிண்டர்கள்) அடுக்கியிருக்கும் விதம், பல்சக்கரம், நீராவி ஓடும் வழி, எதையும் மாற்றவில்லை. ஏனென்றால் அந்தத் தடத்துக்கு வேறு எதுவும் சரிப்படாது.

அப்படியானால் இது பழசா, புதுசா? எங்கள் ஊர்க் கோயில் தேரை வைத்துத்தான் நான் இதை யோசிப்பேன். சக்கரம் இற்றுப் போனால் புதுச் சக்கரம் போடுவார்கள், மேல் மரம் உளுத்தால் புது மரத்தில் அதே சிற்பம் செதுக்குவார்கள். யாரும் "இது அந்தத் தேர் இல்லை" என்று சொல்வதில்லை. அதே அளவு, அதே வீதி, அதே வடம் பிடிக்கும் முறை இருக்கிறவரை அது அந்தத் தேர்தான். 1914-ல் வந்த இன்ஜின் என்று பெயர் எழுதியிருந்தாலும் அதில் கொதிகலன், குழாய், சக்கரத்தின் இரும்பு வளையம், பல் என்று எத்தனையோ பாகம் மாறித்தான் இருக்கும். மாற்றாமல் வைத்தால் அது கண்காட்சிச் சாமான் ஆகிவிடும். 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில், ஏற்கெனவே இருந்த டார்ஜிலிங்கோடு சேர்த்தபோது, இன்றும் ஓடுகிற ரயிலாகத்தான் சேர்த்தது.

இந்த இன்ஜினில் என்னை வாழ்நாள் முழுக்க வியக்க வைத்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான நீராவி இன்ஜினில் பக்கத்துக்கு ஒரு உருளை இருக்கும். இதில் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் கீழ் உருளைக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றும். சமதளத்தில் அதோடு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். பல் பகுதியில் அதை வெளியே விடாமல், மிச்ச சக்தியோடு மேல் உருளைக்கு அனுப்புவோம். மேல் உருளை பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மழையில் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், கீழ் உருளை அதிக நீராவியை வாங்கி மேலே தள்ளும். நடுக் குழாயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பல்சக்கரத்துக்குக் கூடுதல் பலம் கொடுக்கும். அதே நேரம் கீழ் உருளையை எதிர்த்துத் தள்ளி, வழுக்குகிற சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும். டிரைவர் கை வைப்பதற்கு முன்பே இன்ஜின் தன்னைத்தானே பாதி சரிசெய்துகொள்ளும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில் வெறும் குழாயை இணைத்த விதத்தால் இதைச் சாதித்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இது பாதுகாப்புக்காக. இன்ஜின் மேலே நின்று இழுத்து, நடுவில் ஒரு கொக்கி அறுந்தால், பெட்டிகள் மலையில் உருண்டு போகும். கீழே நின்றால், அறுந்த பெட்டியும் இன்ஜின் மேல்தான் சாய்ந்து நிற்கும். ஆனால் பின்னால் நிற்கும் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. முதல் பெட்டிக்காரர் வழியைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, அப்படியே கடைசியில் டிரைவர் கண்ணுக்கு வரும். பாறை கிடந்தாலும் யானை நின்றாலும் இந்தக் கொடிதான் முதல் செய்தி. டிரைவர் விசில் கொடுத்தால் எல்லோரும் அவரவர் கைப்பிரேக்கைச் சுற்றுவார்கள். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வடம் இழுப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், தேரை நிறுத்தித் திருப்புவது அவர்கள்தான். மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் அப்படி. பயணிகள் அவர்களைப் படம் எடுப்பதோடு சரி. இறங்கும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. மேலே போகும்போது நீராவி போதாவிட்டால் ரயில் நிற்கும், அவ்வளவுதான். கீழே வரும்போது ரயிலே தள்ளிக்கொண்டு வரும். பிரேக் கட்டையை மட்டும் நம்பி 19 கிலோமீட்டர் தேய்த்துக்கொண்டு வந்தால் கட்டை காய்ந்து பிடிப்புப் போய்விடும். அதனால் உருளைகளையே பம்ப் மாதிரி திருப்பி வேலை வாங்குவார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காற்று அழுந்தும், அந்த அழுத்தம் வேகத்தைப் பிடித்துவைக்கும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதேபோல உருளையும் சூடேறும். அதைத் தணிக்க உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பதை ஒரு நல்ல டிரைவர் சத்தத்தை வைத்தே சொல்வார்.

நான் முதன்முதலில் இன்ஜினில் ஏறிப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை டிரைவர் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார். கல்லாறு தாண்டிப் பல் தொடங்கும் இடம் வந்ததும் பேச்சு நின்றது. வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அவர் முன்கூட்டியே மேல் உருளைக்கு நீராவி திறந்து பல்சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டார். தடத்தில் பல் ஆரம்பிக்கும் முதல் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். பல்லோடு பல் மோதினால் அது கீழே அழுந்தி, சரியான பள்ளம் வந்ததும் மேலே எழும்பிச் சேரும். காலுக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வு, 'கடக்' என்று ஒரு சத்தம். உடனே இன்ஜினின் மூச்சே மாறிவிட்டது. அதுவரை ஒரே தாளமாக இருந்தது, இப்போது இரண்டு தாளம். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஃபயர்மேனின் கண் மட்டும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைவிட்டு நகரவில்லை. சரிவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மட்டம் ஏமாற்றும். சரிவைக் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த ரயிலைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். "ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நம் பாதையின் ஏற்றம் 8.33 சதவீதம். ஜப்பானில் இகாவா பாதையில் 1990-லிருந்து ஒரு சிறு பகுதி 9 சதவீத ஏற்றத்தோடு, அதுவும் இதே ஆப்ட் பல்லோடு, ஓடிக்கொண்டிருக்கிறது. வியட்நாமில் தலாட் மலைக்கு ஓடிய பாதை 12 சதவீதம், போர்க்காலத்தில் நின்றுபோனது. அங்கிருந்த வின்டர்தூர் இன்ஜின்களை 1990-ல் சுவிஸ்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் ஓட்டுகிறார்கள். நம் இன்ஜின்களுக்கு அவை ஒருவிதத்தில் உறவு. ஆகவே அந்தப் பட்டம் நமக்கு வேண்டாம். இந்தியாவிலேயே செங்குத்தானது என்பது உண்மை, அதுவே போதும். "டாய் டிரெயின்" என்ற பெயரும் இதற்குப் பொருந்தாது. டார்ஜிலிங், மாதேரான் பாதைகள் இரண்டடி அகலம். நம்முடையது முழு மீட்டர் கேஜ். ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரை நாம் எல்லோரும் போய்வந்த அதே அகலம். "இந்தியாவின் மெதுவான ரயில்" என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், இறங்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல்.

நிலக்கரியா, எண்ணெயா என்பதும் பலர் கேட்பது. பல இன்ஜின்களை 2000-க்குப் பிறகு எண்ணெய்க்கு மாற்றினோம். ஏற்றத்தில் நிலக்கரி அள்ளிப் போடுவது முதுகை ஒடிக்கும் வேலை, காய்ந்த காட்டில் நெருப்புப் பொறி விழும் பயமும் உண்டு. எண்ணெய் வந்ததும் ஃபயர்மேன்களின் வேலை எவ்வளவு லேசானது என்பதை நேரில் பார்த்தவன் நான். புகை வாசனை போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு நாள் அந்த மண்வெட்டியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நண்பர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீராவி இன்ஜின் வருவது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. அங்கிருந்து ஊட்டி வரை வழக்கமாக டீசல் இன்ஜின்தான். குன்னூரில் ஏறி ஊட்டிக்குப் போய்விட்டு "நீராவி ரயிலே இல்லை, ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் அந்தப் பகுதியும் அழகுதான். ஆனால் நீங்கள் கேட்டது பல்சக்கரத்தையும் நீராவியையும் என்றால், காலை 7:10 மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிறீர்கள் என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்குத் தோதாக வந்து சேரும். டிக்கெட் ரொம்ப முன்னாலேயே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். 2009 நவம்பர் மழையில் தடமே பல இடங்களில் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. நிறுத்தினால் கோபப்படாதீர்கள், பல் உள்ள தடத்தில் ஒரு கல் கிடந்தாலும் விபத்துதான்.

வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். பிள்ளைகளோடு இறங்குங்கள், குரங்குகள் வரும், கையில் தின்பண்டம் வேண்டாம். எல்லோரும் டீக்கும் பள்ளத்தாக்கைப் பார்க்கவும் போவார்கள். நீங்கள் நேராகப் பின்னால் நடந்து இன்ஜினிடம் போங்கள். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உருளைகளைக் காட்டுங்கள், கீழே இருப்பது சக்கரத்துக்கு, மேலே இருப்பது பல்லுக்கு. குனிந்து பார்த்தால் நடுவில் ரேக் பார் எண்ணெய்ப் பளபளப்போடு தெரியும். அப்புறம் இன்ஜினின் எண்ணைப் படியுங்கள். 37390 வரை என்றால் 1925-க்குள் வந்தது. 37391-லிருந்து 37395 வரை 1952-ல் வந்தது. 37396-லிருந்து மேலே என்றால் பொன்மலையில் எங்கள் ஆட்கள் செய்தது.